முடிச்சு போடாத வலை

அத்தியாயம் 11

தயிரைக் காணோம்.

புதிதாகப் படிக்க வந்தவர்கள் அடுக்களைப் பக்கம் ஓட வேண்டாம். தயிர் என்பது பூனை. நான்கு மாதத்துக்கு முன், போரூரில் கணவன் ஆனந்தகுமாரை விட்டுவிட்டு ஏலவார்குழலி காஞ்சிபுரத்துப் பிறந்த வீட்டில் வந்து இறங்கியபோது, ஒரு கையில் துணிப்பையும் மறு கையில் பூனைக் கூடையும் இருந்தன. வெள்ளைப் பூனை தயிர். பழுப்புப் பூனை வடை.

"ஜீவனுக்கு யாராவது டிபன் பேரு வைப்பாங்களாம்மா?" என்று கேட்டார் அப்பா சபாபதி. சிரிக்க வைக்கத்தான் கேட்டார். குழலி கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து அவள் அப்பாவிடம் பேசியதெல்லாம் 'ம்', 'இல்ல', 'சாப்ட்டேன்' என்ற மூன்றுதான். ஏன் என்று சபாபதிக்குத் தெரியாது.

அம்மா துர்காதேவிக்குத் தெரியும். அந்த விஷயத்துக்கு அப்புறம் வருவோம். முதலில் பூனை.

இரண்டும் போரூரில் ஒன்பதாவது மாடியில் வளர்ந்தவை. மண்ணை மிதித்ததே கிடையாது. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து வீட்டிலோ கூடம் முழுக்கத் தறி. பட்டு இழை அசைவதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கும் பூனையை ஆண்டவன் இன்னும் படைக்கவில்லை. வடை ஒருநாள், தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவின்மேல் ஏறி எட்டு இழைகளை அறுத்துவிட்டது. அன்று முதல் இரண்டுக்கும் பின்னறைச் சிறை. ஜன்னலில் உட்கார்ந்து, தோட்டத்துக் கொய்யா மரத்து அணிலைப் பார்த்து வாய் துடிக்கும். சுவரைப் பிராண்டும். சோற்றைத் தொடாது.

திறந்துவிடவும் முடியாது. தயிருக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பஸ் ஹாரன், நாய்க் குரைப்பு, பெயர் சொல்லிக் கூப்பிடுவது எதுவும் அதற்கு எட்டாது. குழலி தரையில் குதிகாலால் ஓங்கி மிதிப்பாள். அந்த அதிர்வு வயிற்றில் பட்டால் திரும்பிப் பார்க்கும். அதனால்தான் தறி ஓடும்போதெல்லாம் கூடத்துச் சுவரை ஒட்டி, கதவுக்கு அந்தப் பக்கம் படுத்துக் கிடக்கும்.

போன மாதம் குழலி ஒரு நோட்டில் படம் போட்டுக்கொண்டு வந்தாள். பின்னறை ஜன்னலிலிருந்து தோட்டத்துக்கு ஒரு வழி. பத்தடிக்கு ஆறடி, சுற்றிலும் கம்பி வலை. பூனை ஏற மரப் பலகைகள், நகம் தீட்டக் கயிறு சுற்றிய கம்பம், கடிக்க ஒரு தட்டு அருகம்புல். மனிதர் நுழைய ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கதவுகள்; ஒன்றைச் சாத்திவிட்டுத்தான் மற்றதைத் திறக்க வேண்டும்.

"கூண்டுன்னு சொல்லாதம்மா. அதுங்களோட வராண்டா. வெளிய இருக்குற மாதிரியும் இருக்கும், சேஃபாவும் இருக்கும்."

நான்கு மாதத்தில் மகள் வாய் திறந்து கேட்ட ஒரே பொருள். துர்காதேவி அன்றைக்கே வெல்டிங் பட்டறை ஷரீஃபைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினாள். அவரும் ஒரே வாரத்தில் இரும்பு ஆங்கிள் நட்டு, கம்பி வலை அடித்து, கதவு இரண்டையும் மாட்டிவிட்டார். கூரையில்தான் சிக்கல். கொய்யாக் கிளை ஒன்று குறுக்கே நீட்டிக்கொண்டிருந்தது. வெட்ட யாருக்கும் மனசில்லை.

"கிளையைச் சுத்திக் கம்பி வலையையே வெட்டிப் பொருத்திடலாம்கா. இன்னும் ரெண்டு நாள் ஆவும், அவ்ளோதான்" என்றார் ஷரீஃப்.

"எதுக்கு பாய்? தாமல் ஏரியில மீன் புடிக்கிறவங்ககிட்ட நைலான் வலை வாங்கி, நானே கிளையைச் சுத்திச் சேர்த்துடறேன். நூல் வேலை எனக்குத் தெரியாததா?"

குழலிகூடச் சொன்னாள். "பாய் சொல்ற மாதிரியே பண்ணிடலாம்மா." துர்காதேவி கேட்கவில்லை. மகளுக்குத் தன் கையால் ஒன்று செய்தாக வேண்டும் என்று அவளுக்கு ஒரு வெறி. அதற்குக் காரணம் இருந்தது.

வராண்டா திறந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. ஐந்தாம் நாள், வியாழக்கிழமை காலை ஆறு மணிக்குத் தோட்டம் கூட்ட வந்த துர்காதேவி பார்த்தது, மேல் பலகையில் தனியாக உட்கார்ந்து கூரையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த வடையை. கொய்யாக் கிளை ஓரமாக, இரண்டு கை நுழையும் அளவுக்கு வலை திறந்து கிடந்தது.

துர்காதேவி ஸ்டூலைப் போட்டு ஏறினாள்.

அறுந்த நூல் ஒரு மாதிரி இருக்கும், கடித்த நூல் வேறு மாதிரி இருக்கும், கழன்ற நூல் இன்னொரு மாதிரி. முப்பது வருடமாகப் பாவு பிணைத்துச் சம்பாதிக்கிறவளுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இவை கழன்ற முனைகள். முறுக்கின சுருள் அப்படியே இருந்தது. முனையில் சாம்பல் ஒட்டியிருந்தது.

அவள் அதை விரலில் தேய்த்துப் பார்த்தாள்.

தறியில் ஒரு பாவு நெய்து முடிந்தால், அதன் கடைசி இழைகளோடு அடுத்த பாவின் இழைகளை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கில் சேர்க்க வேண்டும். அதில் முடிச்சு என்ற பேச்சே கிடையாது. முடிச்சு தறியின் அச்சுப் பல்லில் சிக்கி இழையை அறுக்கும். விரலில் கொஞ்சம் சாம்பல் தொட்டு, இரண்டு முனையையும் சேர்த்து ஒரே முறுக்கு. துர்காதேவி சேர்த்த இழை பிரிந்தது என்று இந்தத் தெருவில் ஒருவர் சொன்னதில்லை.

வலை கட்ட உட்கார்ந்த முதல் நாள் ஒழுங்காக முடிச்சுத்தான் போட்டாள். இரண்டாம் நாள் மத்தியானம் ரேடியோவில் பாட்டு ஓடியது, கை தன் பாட்டுக்கு ஓடியது. நடுவில் ஒரு தடவை, "குழலி, கொஞ்சம் சாம்பல் எடுத்தாம்மா" என்று கேட்டு வாங்கியதுகூட இப்போது ஞாபகம் வந்தது. நைலானுக்கு எதற்கடி சாம்பல் என்று அப்போதாவது உறைத்திருக்க வேண்டாமா? தறியில் இழை நேராக இழுபடும். பூனை நேராகவா இழுக்கும்?

அடுத்து அவள் செய்ததுதான் தப்பு. இடுப்பில் எப்போதும் சொருகியிருக்கும் சின்னக் கத்தரியை எடுத்தாள். சுருண்டிருந்த முனைகளை ஒன்றொன்றாக நறுக்கினாள். மொத்தம் பதினோரு முனை. நறுக்கிய துண்டுகளை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ஏன் செய்தாள் என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. பயம் வந்தால் அவள் கை முதலில் மறைக்கும். மனசு பிறகுதான் யோசிக்கும். அப்படியே பழகிவிட்டது.

"என்னா துர்கா, ஸ்டூல் மேல நின்னுக்கினு இருக்கற?" சபாபதி பல் குச்சியோடு வந்தார்.

"தயிரு பூடுச்சுங்க."

அவர் குச்சியைத் துப்பிவிட்டு ஏறிப் பார்த்தார். நூல் முனைகள் நறுக்கென்று அறுந்திருந்தன. பக்கத்திலேயே இரும்பு ஆங்கிளின் மூலை. அவர் விரலை வைத்துத் தடவினார்.

"இதான். அரம் போட்டு முனையை ராவாம விட்டிருக்காரு பாய். வலை காத்துல ஆடி ஆடி இதுல பட்டு அறுந்துடுச்சு."

துர்காதேவி வாயைத் திறந்தாள். அதற்குள் பின்னறை ஜன்னலில் குழலியின் முகம் தெரிந்தது.

"என்ன அறுந்துச்சு?" என்றாள். வடையைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள். "எங்க என் தயிரு?"

திறந்த வாயைத் துர்காதேவி மூடிக்கொண்டாள்.

*

ஷரீஃப் வண்டியை நிறுத்தின வேகத்தில் ஸ்டாண்டு போடவில்லை. வண்டி சுவரில் சாய்ந்தது. நேரே தோட்டத்துக்கு வந்து ஏணி போட்டு ஏறினார். நறுக்கிய இடத்தைப் பார்த்தார். அதற்கு அப்பால், கிளையைச் சுற்றி இன்னும் பிரியாமல் இருந்த முறுக்குகளைப் பார்த்தார். ஒன்றை இரண்டு விரலால் பிடித்து லேசாகப் பக்கவாட்டில் இழுத்தார். கீழே நின்ற துர்காதேவிக்கு உயிர் போய் உயிர் வந்தது.

ஷரீஃப் விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு இறங்கினார்.

"ஆமாம்பா" என்றார் சபாபதியிடம். "முனையை ராவியிருக்கணும். என் மேலதான் தப்பு."

குழலியின் கண் சிவந்திருந்தது. "உங்களை நம்பித்தானே பாய் விட்டேன்? அதுக்குக் காது கேக்காதுன்னு படிச்சுப் படிச்சு சொன்னேன்ல? ரெண்டு கதவு கேட்டேன், தாழ்ப்பாள் உள்ள வச்சி கேட்டேன், எல்லாத்தையும் பண்ணிட்டு ஒரு முனையை விட்டுட்டீங்களே. ரோட்டுல அடிபட்டுச்சுன்னா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"தேடித் தர்றேன்மா."

"எப்படித் தேடுவீங்க? கூப்ட்டா வருமா அது?"

ஷரீஃப் கூரையை அண்ணாந்து பார்த்தார். ஐம்பதை நெருங்கும் மனிதர். இந்தத் தெருவில் பாதி வீட்டுக் கதவு அவர் கையால் ஆனது. தலையைக் குனிந்துகொண்டு நின்றார். துர்காதேவி அவருக்கு இரண்டடி தள்ளி நின்றாள். அவள் முந்தானை முடிச்சில் பதினோரு துண்டு நைலான் இருந்தது. ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை.

ஷரீஃப் மீதி வலையை அப்படியே விடவில்லை. கிளையைச் சுற்றிக் கட்டுக்கம்பி வைத்து இறுக்கிவிட்டு, வடையை உள்ளே விட்டு ஜன்னலைச் சாத்தச் சொல்லிவிட்டுப் போனார். பட்டறையை மூடிவிட்டுத் தேடப் போவதாகச் சொன்னார். சபாபதி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

குழலி செல்போனில் தயிரின் படத்தைத் தெரு க்ரூப்பில் போட்டுவிட்டுக் கிளம்பினாள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று கேட்டாள். மொட்டை மாடிகளில் ஏறினாள். இடது கையால் கைப்பிடியைப் பிடிக்க மாட்டாள். அந்த மணிக்கட்டு முழுதாக மடங்காது. வலது கையால் பிடித்துக்கொண்டு ஏறுவாள், இறங்குவாள். துர்காதேவி பின்னாலேயே போனாள்.

பதினோரு மணிக்குத் தண்ணீர் குடிக்க வீட்டுக்கு வந்தார்கள். தெருமுனையிலேயே சத்தம் கேட்டது. தட், தட், தட்.

சபாபதி தறியில் உட்கார்ந்திருந்தார். ஆவணி முகூர்த்தத்துக்குக் கொடுக்க வேண்டிய சேலை ஏறியிருக்கும் தறியில் இல்லை. பக்கத்தில் பாவு ஏறாமல் காலியாக நிற்கும் தறியில். நெய்வதற்கு அதில் ஒன்றுமில்லை. இழையை அடித்து நெருக்கும் பலகையை வெறுமனே இழுத்து இழுத்து அடித்துக்கொண்டிருந்தார். வேர்வை முதுகில் வழிந்தது.

"ஏங்க, என்னா பண்றீங்க?"

"தறி சத்தம் அதுக்குத் தெரியுமில்ல. சொவுத்தாண்ட வந்து படுத்துக்கினு இருக்குமே. எங்கனா பக்கத்துல இருந்தா தெரிஞ்சி வரும்." தட், தட்.

குழலி வாசற்படியில் நின்றாள். "அந்த அதிர்வு அவ்ளோ தூரம் போவாது" என்றாள், யாரையும் பார்க்காமல்.

"போவாதுதான்மா" என்றார் சபாபதி. நிறுத்தவில்லை.

குழலி தண்ணீர்ச் செம்பை வைத்துவிட்டு மறுபடி வெளியே போனாள். அவர் அவள் முதுகையே பார்த்துக்கொண்டு பலகையை அடித்தார். துர்காதேவிக்கு அந்த இடத்தில் நிற்க முடியவில்லை. காதைப் பொத்திக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினாள்.

இப்போது அந்தப் பழைய விஷயம்.

போன வருடம் தை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. துர்காதேவி பாவு பிணைத்துக்கொண்டிருந்தாள். போன் வந்தது.

"அம்மா, நான் வந்துடட்டுமா?"

"என்னாடி ஆச்சு?"

"கை ஓங்குறாரும்மா. ரெண்டாவது தடவை. எனக்குப் பயமா இருக்குது."

"அப்பாகிட்ட கேட்டுட்டு சொல்றேன், இரு."

அப்பா பத்தடி தள்ளி நெய்துகொண்டிருந்தார். துர்காதேவி கேட்கவில்லை. தெரு என்ன பேசும், சொந்தத்தில் எவள் எவள் வாயைக் கோணுவாள், கோயிலில் யார் முகத்தில் எப்படி விழிப்பது என்று இரவெல்லாம் புரண்டாள். மறுநாள் காலையில் அவளே போன் போட்டாள். "அப்பா இப்ப வேணாம்னுட்டாரும்மா. கொஞ்சம் பொறுத்துக்கோன்றாரு." தன் வாயால் வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. அதனால் அவர் தலையில் கட்டினாள்.

"சரிம்மா" என்று குழலி வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு பதினான்கு மாதம் அவள் அங்கே இருந்தாள். பதினோராவது மாதத்தில் இடது மணிக்கட்டு உடைந்தது. பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று சபாபதியிடம் சொன்னது துர்காதேவிதான்.

குழலி வந்து சேர்ந்த வாரத்தில் சபாபதி தழுதழுத்த குரலில், "முன்னாடியே எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். குழலி அவரை நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுந்து போனாள். மனுஷன் என்னமாய் நடிக்கிறார் என்று நினைத்திருப்பாள். அவர் நடிக்கவில்லை என்று சொல்லக்கூடிய ஒரே ஆள், அடுப்பில் ரசத்தைக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

பூனை வராண்டாவுக்கு அவள் அவ்வளவு பறந்தது இதனால்தான். வலையைத் தன் கையால் கட்ட வேண்டும் என்று அடம் பிடித்ததும் இதனால்தான். இன்றைக்கு வாயைத் திறக்க முடியாததும் இதனால்தான். இந்தப் பொய்யை ஒப்புக்கொண்டால் குழலி அந்தப் பொய்யைக் கேட்பாள். அவள் முட்டாள் இல்லை.

*

மத்தியானம் ஒரு மணிக்கு ஷரீஃபின் பட்டறை மூடிக் கிடந்தது. பின்னால் வீடு. அவர் அப்போதுதான் தேடிவிட்டு வந்து கை கழுவிக்கொண்டிருந்தார். அவர் மகள் லுப்னா மாடிச் சுவரில் எட்டிப் பார்த்தபடி, "இங்கயும் இல்ல அத்தா" என்று கத்தினாள்.

"உக்காருங்கக்கா. தண்ணி குடிங்க."

துர்காதேவி உட்காரவில்லை. "பாய், காலைல..."

"சாம்பலைப் பாத்தேன்கா" என்றார் ஷரீஃப்.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"நைலானுக்கு யாரு சாம்பல் தொடுவாங்க? இந்த ஊருல உங்களை வுட்டா ஆளில்ல. அறுந்த முனையும் இரும்பு அறுத்த முனை கெடையாது. கத்தரி."

"தெரிஞ்சிக்கினு ஏன் பாய் உங்க மேல போட்டுக்கினீங்க?"

"அந்தப் பொண்ணு அழுதுக்கினு நிக்குது. அங்க நின்னு யாரு தப்புன்னு பஞ்சாயத்தா பண்ண முடியும்? நீங்களே சொல்லிடுவீங்கன்னு ஒரு நிமிஷம் பாத்தேன். சொல்லல. சரி, ஏதோ காரணம் இருக்குதுன்னு நெனச்சேன்." அவர் துண்டால் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார். "ஆனா வலிக்குதுக்கா. பொய் சொல்ல மாட்டேன். உங்க வூட்டுக்காரரு இருவது வருஷப் பழக்கம். என்னைப் பாத்து ஒரு சலாம் சொல்லாம மூஞ்சைத் திருப்பிக்கினாரு. சாப்புட உக்காந்தேன், எறங்கல."

"மன்னிச்சிடுங்க பாய்." அவள் அழுதாள். சத்தம் வராமல் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

"எங்கிட்ட எதுக்குக்கா? எனக்குத்தான் தெரியுமே." கோபமாகச் சொல்லவில்லை. சோர்ந்துபோய்ச் சொன்னார். "பூனை கெடைக்கட்டும் மொதல்ல. நான் சாயப்பட்டறைப் பக்கம் இன்னும் பாக்கல. நீங்க வூட்டுக்குப் போங்க."

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் துர்காதேவி தனக்குத் தானே பேசிக்கொண்டே நடந்தாள். இப்படிச் சொல்லலாம், அப்படிச் சொல்லலாம், வலையைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடலாம். எப்படிச் சொல்லிப் பார்த்தாலும் கடைசியில் அந்தச் செவ்வாய்க்கிழமைக்கே வந்து நின்றது. தெருமுனைக்கு வந்ததும் மறுபடி அந்தச் சத்தம் கேட்டது. மூன்று மணி நேரமாக மனுஷன் நிறுத்தவில்லை.

*

நாலரை மணிக்கு ஷரீஃப் வந்தார். பின்னால் வண்டியில் லுப்னா. அவள் துப்பட்டாவுக்குள்ளிருந்து ஒரு வெள்ளைத் தலை எட்டிப் பார்த்தது.

குழலி வாசலிலிருந்து ஓடினாள். "தயிரு!"

"சாயப்பட்டறையில நூல் காயவைக்கிற கொம்புக்கு அடியில தூங்கிக்கினு இருந்துச்சுக்கா" என்றாள் லுப்னா. "எறங்கி ஓடப் பாத்துச்சு. நான் தரையில தொம்தொம்னு மிதிச்சேன். நின்னுடுச்சு."

தயிரின் நான்கு காலும் அரக்கு நிறம். சாயத் தண்ணீர் தேங்கிய இடத்தில் நடந்து திரிந்திருக்கிறது. மற்றபடி ஒரு கீறல் இல்லை. ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்த பெரிய மனுஷி மாதிரி கொட்டாவி விட்டது. குழலி வலது கையால் அதை மார்போடு அணைத்து, அதன் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். சபாபதி தறியிலிருந்து எழுந்து வந்து நிலைப்படியில் சாய்ந்தார். அவர் உள்ளங்கை இரண்டும் கன்றிப் போயிருந்தன.

"ரொம்ப தேங்க்ஸ் லுப்னா" என்றாள் குழலி. பிறகு ஷரீஃபைப் பார்த்தாள். குரல் மாறியது. "பாய், தேடினதுக்குத் தேங்க்ஸ். ஆனா இனிமே அந்த வேலைக்கு நீங்க வர வேணாம். சென்னையில இதுக்குன்னே ஆளுங்க இருக்காங்க. சண்டே வந்து கூரையை மாத்திடுவாங்க. தப்பா எடுத்துக்காதீங்க. இன்னொரு வாட்டி என்னால ரிஸ்க் எடுக்க முடியாது."

"சரிம்மா" என்றார் ஷரீஃப். லுப்னா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

அவர் வண்டியைத் திருப்பினார்.

பூனை வந்தாயிற்று. யாரும் எதையும் கேட்கப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை புது ஆள் வந்து வலையைப் பிய்த்துக் குப்பையில் போட்டுவிடுவான். சாம்பலும் போய்விடும், முறுக்கும் போய்விடும். துர்காதேவி இன்னும் அரை நிமிடம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அது அவளுக்குப் புதிது இல்லை.

"பாய், நில்லுங்க."

எல்லோரும் திரும்பினார்கள். அவளுக்கே அது தன் குரல்தானா என்று இருந்தது.

"பாய் மேல தப்பில்ல குழலி. நான்தான். நான் முடிச்சு போடல. பாவு பிணைக்கிற மாதிரி சாம்பலைத் தொட்டு முறுக்கி வுட்டுட்டேன். அதான் கழண்டுக்கிச்சு. காலைல பாத்தேன். பாத்துட்டு, முனையைக் கத்தரியால நறுக்கிட்டேன்."

முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். பதினோரு துண்டும் உள்ளங்கையில் கிடந்தன.

சபாபதி ஒரு துண்டை எடுத்துப் பார்த்தார். நெசவுக்காரர்; பார்த்ததும் புரிந்துவிட்டது. ஷரீஃபின் பக்கம் திரும்பி, "பாய்..." என்று இரு கையும் கூப்பிக் கும்பிட்டார்.

"அட, வுடுங்கப்பா" என்றார் ஷரீஃப்.

குழலி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் பாயை அவ்ளோ பேச்சு பேசினேன். நீ பக்கத்துலதானே நின்ன?"

"நின்னேன்."

"கேட்டுக்கினுதானே இருந்த?"

"கேட்டுக்கினுதான் இருந்தேன். பயந்துட்டேன்மா. நீ என்னை வெறுத்துடுவேன்னு பயந்துட்டேன்."

"அதனால பாய் தலையில கட்டிட்ட."

துர்காதேவி தலையசைத்தாள்.

குழலி ஷரீஃபிடம் போய், "ஸாரி பாய். ரொம்ப ரொம்ப ஸாரி. சண்டே யாரும் வர மாட்டாங்க. நீங்களே வாங்க" என்றாள். அவர் சிரித்து, அவள் தலையில் கை வைத்தார். வண்டி கிளம்பிப் போனது.

குழலி வாசலிலேயே நின்றாள். உள்ளே வரவில்லை. பூனையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்த கை மெல்ல மெல்ல நின்றது. அவள் எதையோ கூட்டிப் பார்க்கிறாள் என்று துர்காதேவிக்குத் தெரிந்தது. காலையிலிருந்து பயந்த இடம் வந்துவிட்டது.

"அம்மா."

"சொல்லும்மா."

"போன வருஷம் தை மாசம் நான் போன் பண்ணேன்ல. வந்துடறேன்னு. அப்பா வேணாம்னுட்டாருன்னு சொன்னியே." குழலியின் குரல் ரொம்பத் தணிந்திருந்தது. "அதையும் நிஜமா அப்பாதான் சொன்னாரா?"

துர்காதேவி கண்ணை மூடிக்கொண்டாள். இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். அதற்குள் நிலைப்படியிலிருந்து குரல் வந்தது.

"எந்தப் போனு?" என்றார் சபாபதி.

அவர் மனைவியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், மறுபடி மனைவியைப் பார்த்தார். ஒன்றும் தெரியாத மனுஷனின் முகம் அது. அப்படி நடிக்க யாராலும் முடியாது. நான்கு மாதத்தில் முதல் தடவையாகக் குழலி அந்த முகத்தை முழுதாகப் பார்த்தாள். அவரிடம் ஒரு அடி நெருங்கினாள்.

"அப்பா... உனக்குத் தெரியாதா?"

"வர்றேன்னு சொன்னியாம்மா? எங்கிட்டயா?" அவர் அவளுடைய இடது கையை மெதுவாகப் பிடித்து, மடங்காத அந்த மணிக்கட்டைப் பார்த்தார். "அன்னைக்கே பஸ் ஏறி வந்து கூட்டிக்கினு வந்திருப்பேனேம்மா. சாயந்தரத்துக்குள்ள வந்திருப்பேனே."

"ஏங்க, நான் சொல்றேன்..." என்று துர்காதேவி கிட்டே வந்தாள்.

முப்பத்தைந்து வருடத்தில் அவளை ஒரு சொல் அதட்டாத மனிதர். இப்போதும் அதட்டவில்லை. அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"நீ பேசாத துர்கா" என்றார். "என் பொண்ணு சொல்லட்டும். நீ சொல்லும்மா. அன்னைக்குக் காலைலேர்ந்து சொல்லு."

குழலி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். துர்காதேவி வாசலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வா என்று அவளை யாரும் கூப்பிடவில்லை.